அவன் யாரைப் பார்த்துச் சிரித்தான்

திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் முட்டிபோட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இருந்தேன். மூன்று வயது தாண்டிய என் மகன் எதிரே ஓடி வந்தான். வந்தவன் என் தோளில் ஒரு கையை ஊன்றி, வழியில் கிடக்கும் மூட்டையைச் சுற்றிப் போவது மாதிரி என்னைச் சுற்றிப் போய், நான் தள்ளிக்கொண்டு வந்த டிராலிக்கு முன்னால் குந்திக்கொண்டான். அதன் சக்கரத்தை விரலால் சுழற்ற ஆரம்பித்தான். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. விரித்த கையை மடக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த ஆளை ஓங்கி ஓர் அறை விடலாம் போல வந்தது. அவர் என்ன செய்தார் பாவம்.

நான் கடைசியாக அவனைத் தூக்கியபோது அவனுக்குப் பல்கூட முளைக்கவில்லை. வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக் வேலை, போனால் சட்டென்று திரும்ப முடியாது. ஆனால் தினமும் வீடியோவில் பேசினேன். காரில் வரும்போது, கூட வந்திருந்த என் அக்காதான் சமாதானம் சொன்னாள். என்னைவிட மூத்தவள், முட்டத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. பிள்ளைக்கு முகம் பழகவில்லை, நாலு நாள் போனால் ஒட்டிக்கொள்வான் என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. எந்த முகம் பழகவில்லை? இந்த முகத்தைக் கண்டு நாள் தவறாமல் சிரித்தவன் ஆயிற்றே இவன்! என் மனைவி மட்டும் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. அங்கே நாங்கள் இருந்தது பழைய கேம்ப். ஊரில் உள்ள ஏ.சி.யை எல்லாம் ரிப்பேர் செய்கிறவன் படுக்கிற ரூமில் ஏ.சி. ஓடாது, தண்ணீர்தான் சொட்டும். ஒரு சீலிங் ஃபேன் இருந்தது, கடகடவென்று சுற்றும். டூட்டி முடிந்து குளித்து, தரையில் தட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் அடிப்பேன். போனைக் கையில் பிடிக்க வேண்டாம், கை கடுக்கும், கீழே தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு ஆற அமரச் சாப்பிடுங்கள் என்பாள் மனைவி. சில நாள் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உட்காரச் சொல்வாள், வெளிச்சம் முகத்தில் சரியாக விழவில்லையாம். நானும் தள்ளி உட்காருவேன். என்ன கரிசனம் பார் இவளுக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

நான் திரையில் வந்ததும் அவன் சிரிப்பான். சும்மா சிரிப்பு இல்லை. குதித்துக்கொண்டு, இரண்டு கையையும் உதறிக்கொண்டு, வாயில் எச்சில் வழிய வழியச் சிரிப்பான். ரூமில் கூட இருந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் போனில் ஒரு நிமிஷம் நிற்காது, அப்பனுக்கு டாட்டா காட்டிவிட்டு ஓடிவிடும். என் பிள்ளை மட்டும் நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் போன் முன்னாலேயே நிற்பான். ஒருத்தன் வாய்விட்டே சொன்னான், நீ கொடுத்து வைத்தவன் என்று. நான் வெட்கப்படவில்லை; ஆமாம் என்றேன். அவ்வளவு வெயிலுக்கும் சூப்பர்வைசரின் ஏச்சுக்கும் பிறகு, அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் முதல் வாய்ச் சோறு எடுப்பேன்.

பிறகு கம்பெனி எங்களைப் புதுக் கேம்புக்கு மாற்றியது. நல்ல ஏ.சி., நல்ல கட்டில். அந்த வாரத்தோடு அவன் சிரிப்பு நின்றது. போனுக்கே வரமாட்டான். தூங்கிவிட்டான் என்பாள், சளி பிடித்திருக்கிறது என்பாள், அக்கா வீட்டில் விளையாடுகிறான் என்பாள். என் மேல் பிள்ளைக்குக் கோபம், இத்தனை நாள் வராமல் இருந்ததற்குப் பழி வாங்குகிறான் என்று நான் முடிவு கட்டினேன். லீவுக்கு இன்னும் காலம் இருந்தது. சண்டை பிடித்து, முன்கூட்டியே வாங்கிக்கொண்டு கிளம்பி வந்தேன். வந்த இடத்தில்தான் அந்த டிராலிச் சக்கரம்.

வீட்டுக்கு வந்தும் ஒன்றும் மாறவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். காதுதான் கேட்கவில்லையோ என்று பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன், அசையவில்லை. மனைவி அடுக்களையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். அந்தச் சின்னச் சத்தத்துக்கு உள் அறையிலிருந்து ஓடி வந்தான். அப்படியானால் காது கேட்கிறது. நான்தான் கேட்கவில்லை அவனுக்கு.

கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. மனைவியின் போனை உள்ளே பாயில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக அவனைப் பார்க்கிற மாதிரி முற்றத்தில் நின்றுகொண்டு, என் போனிலிருந்து வீடியோ கால் போட்டேன். மணி அடித்ததும் வந்தான்! ஓடி வந்து, மனைவி எடுத்துக் கொடுத்த போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். திரை முழுக்க என் முகம். மக்கா, மக்கா என்று கத்துகிறேன். அவன் போனைச் சாய்த்துப் பார்த்தான், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான், எதையோ தேடினான். கிடைக்கவில்லை. போனைப் பாயில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

நான் முற்றத்தில் நின்ற இடத்திலேயே நின்றேன். மனைவி வெளியே வந்து, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். அங்கன்வாடியில் முதலில் சந்தேகப்பட்டார்களாம். நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அவர் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டாராம். கருங்கலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே கூட்டிப்போய்க்கொண்டிருக்கிறாளாம். கருங்கல் அவளுடைய தாய்வீடு. அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்வருவாளாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவும் நடந்திருக்கிறது, நான் அங்கே உட்கார்ந்து, பிள்ளைக்குச் சளியா, கஞ்சி கொடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஊசி போட்டால் சரியாகிற சீக்கா என்று கேட்டேன். இது சீக்கு இல்லை என்றாள். பிறகு என்ன மண்ணாங்கட்டி என்று கத்தினேன். அடுத்த வீட்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

மறுநாளே நானும் கிளம்பினேன். முட்டத்திலிருந்து குளச்சல், அங்கே மாறிக் கருங்கல். சந்தைக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே ஒரு வாடகை வீடு. பெரிய ஆஸ்பத்திரி மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் போனால், பாய் விரித்த இரண்டு அறை, தரையோடு ஒட்டிச் சுவரில் பதித்த ஒரு கண்ணாடி, ஊஞ்சல் ஒன்று. எங்கள் பையனைவிடச் சின்னதுகள்கூட இருந்தன. ஒரு குழந்தை சுவரைத் தடவிக்கொண்டே அறையைச் சுற்றி வந்தது. அதன் அம்மா அதே மாதிரி சுவரைத் தடவிக்கொண்டு பின்னால் போனாள். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளை செய்வதையே நாமும் செய்தால், நாம் ஒருத்தர் கூட இருக்கிறோம் என்பது அதற்குத் தட்டுப்படும் என்று பிறகுதான் சொன்னார்கள்.

டீச்சர் இளவயசுப் பெண், என் மனைவியைவிடச் சின்னவள். என்னைக் கண்டதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். தகப்பன்மார் இங்கே வருவதே அபூர்வமாம், பாதிப்பேர் வெளிநாடாம். பாய் போட்டு உட்கார வைத்துவிட்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, உங்க பழைய ரூம் ஃபேன எடுத்த வீடியோ ஏதாவது இருக்கா? இவனுக்கு அதுன்னா உயிரு. நீங்க தினமும் போன்ல அதக் காட்டிக் குடுப்பீங்கண்ணு இந்த அக்கா, உங்க வீட்டுக்காரங்கதான், சொன்னாங்க. இப்ப அது இல்லாம ரொம்பத் தேடுகான்."

எந்த ஃபேன் என்று கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. தரையில் சாய்த்து வைத்த போன். கீழேயிருந்து மேலே பார்க்கிற கேமரா. என் தலைக்குப் பின்னால் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சனியன். கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உட்காருங்கள் என்றது, என் முகம் தெரிவதற்கு இல்லை. நான் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் மனைவியைப் பார்த்தேன். அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அறையில் அன்றைக்கு மேலே என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. அந்த ரூமில் என்னோடு இருந்தவர்கள் முகம்தான் ஒவ்வொன்றாக வந்தது. கொடுத்து வைத்தவன் என்று சொன்னானே, அவன் முகம் முக்கியமாக.

பஸ்ஸில் பிள்ளை என் மடியில்தான் இருந்தான். ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான். குளச்சல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மனைவியிடம் கேட்டேன், எல்லாம் தெரிந்தும் ஏன் என்னை இப்படிக் கோமாளியாக்கினாய் என்று. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றாள். "அவன் சிரிக்கதப் பாத்துட்டுதான் நீங்க சோத்துல கைய வப்பிய. அங்க உங்களுக்கு அது ஒண்ணுதானே இருந்துது."

தனியாக டாக்டரைப் பார்த்திருக்கிறாள், தனியாக அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாள், தனியாக இந்தப் பஸ்ஸில் அலைந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, எனக்குச் சோறு இறங்க வேண்டுமே என்று ஃபேன் தெரிகிற கோணத்தையும் பார்த்திருக்கிறாள். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது யார் மேல் என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. முட்டம் பஸ் வந்தது, ஏறினோம்.

அடுத்த சில நாள் கடற்கரையில் பாறைகளுக்குப் பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மற்றதெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்த ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அவனுக்கு நான் என்று ஒரு ஆள் உண்டா? பேசுவானா, பள்ளிக்கூடம் போவானா என்பதெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான். டீச்சரிடம் நேராகவே கேட்டேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. மழுப்பவும் இல்லை. உண்டு, ஆனால் நமக்கு நடப்பது போல அது தானாக நடக்காது, நாம்தான் அவன் வழியில் போய் நிற்க வேண்டும் என்றாள். இந்த வயசில் பிள்ளைகள் எடுத்துக்கொள்வது அதிகம், பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே தொடங்குவது நல்லது, வாரத்தில் சில மணி நேரம் இங்கே செய்வதைவிட நாள் முழுக்க வீட்டில் செய்வதுதான் பெரிய வேலை என்றாள். என் மனைவியைக் குறித்து, அதை அந்த அக்கா ஒருத்தியாகச் செய்ய முடியாது அண்ணா என்றும் சொன்னாள்.

லீவு முடிகிற நேரம் நான் போகப்போவதில்லை என்று வீட்டில் சொன்னேன். அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். பிள்ளைக்காகக் கோயிலில் நேர்ச்சை வைத்திருக்கிறாள், எல்லாம் சரியாகும், பிள்ளைகள் தாமதமாகப் பேசுவது உலகத்தில் நடக்காததா, இதற்காக விசாவைத் தூக்கி எறிகிறவனுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டாள். கூட்டாளிகளும் அதையேதான் கேட்டார்கள். நீ பிள்ளையோடு உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய், விளையாடப் போகிறாயா என்று ஒருத்தன் சிரித்தான். ஆமாம்லே, விளையாடத்தான் போகிறேன் என்றேன். விசா அப்படியே காலாவதியாகிப் போயிற்று. கொட்டாரம் பக்கம் கடைகளிலும் லாட்ஜ்களிலும் ஏ.சி. வேலை கிடைத்தது. காலையில் போய் மதியத்தோடு வந்துவிடுவேன்.

விளையாட்டு என்று சொன்னது என் வாய்க் கொழுப்பு. அதைப் போலக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. அவன் உயரத்துக்கு நானும் தரையில் கிடக்க வேண்டும். அவன் மூடியைச் சுழற்றினால் நானும் ஒரு மூடியைச் சுழற்ற வேண்டும். நானாக ஒன்றும் கேட்கக் கூடாது; இது என்ன, அது என்ன என்று பரீட்சை வைக்கக் கூடாது. ஒரு சின்னச் சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். எனக்கா பொறுமை? ஸ்குரூ ஒன்று இறுகிவிட்டால் ஸ்பானரைத் தூக்கி எறிகிறவன் நான். டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பேசாதீங்க அண்ணா, பொறுங்க, இன்னும் பொறுங்க என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

ஒரு நாள் அவன் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரி முன்னால் நிறுத்தி, என் கையைத் தூக்கி பிஸ்கட் டப்பாவை நோக்கித் தள்ளினான். முகத்தைப் பார்க்கவே இல்லை. அவனுக்கு வேண்டியது அந்தக் கை. அது யார் தோளில் முளைத்திருந்தாலும் போதும். டீச்சரிடம் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அவளோ இதுவும் ஒரு படிதான் என்றாள். எனக்கு அவள் மேல்கூடக் கோபம் வந்தது. அடுத்த தடவை கையைக் கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுத்து, முகத்தை அவன் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோகச் சொன்னாள். கொண்டுபோனேன். அவன் என் காதைத் தாண்டிச் சுவரைப் பார்த்தான். இப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. மனைவி சிலநாள் என் தட்டில் சோறு போட்டுவிட்டு, சாப்பிடுங்க என்று தலையைத் தடவிவிட்டுப் போவாள்.

வெயில் வந்த பிறகு, ஒரு மதியம். கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீரை வைத்துக்கொண்டு அவன் மக்கில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். அப்படியே விட்டால் சாயங்காலம் வரை ஊற்றுவான். வேலையிலிருந்து வந்த அழுக்குச் சட்டையோடு நான் போய் எதிரே குந்தினேன். சொல்லிக்கொடுத்தபடி, விழுகிற தண்ணீருக்குக் கீழே என் உள்ளங்கையை நீட்டினேன். தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது. அவன் மக்கை அந்தப் பக்கம் நகர்த்தினான். நானும் கையை நகர்த்தினேன். இந்தப் பக்கம் வந்தான், நானும் வந்தேன். அவன் முகம் கடுகடுவென்று ஆயிற்று. மக்கைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். தலையைத் தூக்கினான். என் காதை இல்லை, சுவரை இல்லை, என் கண்ணை நேருக்கு நேர் பார்த்தான்.

"போ" என்றான்.

தெளிவாக. கோபமாக. என்னிடம்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியின் கையிலிருந்து ஈரத் துணி மண்ணில் விழுந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவுக்கும் கேட்டுவிட்டது.

"பெத்த அப்பனப் பாத்தா போண்ணு சொல்லுக?" என்று அவள் கையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"நீ பேசாம இரி" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்து யாராவது போ என்று சொல்வார்களா? டப்பா எடுத்துக் கொடுக்கிற கையிடம் சொல்வார்களா? எதிரே ஒரு ஆள் இருக்கிறான், அவன் தொல்லை தாங்க முடியவில்லை என்று தெரிந்தால்தானே அந்தச் சொல் வரும்! எல்லாவற்றையும் விட்டுவிட்டு இவனோடு இருக்க வந்தவனிடம் இவன் சொன்ன முதல் சொல் அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, மூக்கெல்லாம் ஒழுகியது. மனைவி ஈரக் கையோடு வந்து என் பின்னால் நின்றாள்.

அவன் மறுபடியும் மக்கை எடுத்து ஊற்ற ஆரம்பித்தான். நான் மறுபடியும் அதற்குக் கீழே கையை நீட்டினேன்.